கோடையும் இற்செறிப்பும்



கனடா நாடாளுமன்றம் 1994ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், பனிக்காலத்திற்கு ஐஸ் ஹாக்கியையும் கோடைக்கு லக்ரோஸையும் தேசிய விளையாட்டுகளாக அறிவித்தது. லக்ரோஸ் இம்மண்ணின் தொல்குடியினர் தந்த ஆட்டம். பெரும்பொழுதுக்கு ஏற்ப வாழ்வை வகுத்த மரபினராகிய நமக்கு இச்சட்டம் அயலானதன்று.

டொரொன்டோவில் ஜூன் திங்களில் கதிரவன் மறைய இரவு 9 மணியாகிறது. ஜூலை, ஆகஸ்ட் இரு திங்களும் பள்ளி விடுமுறை. அந்நீண்ட மாலைகளை நம் இல்லங்கள் எவ்வாறு பங்கிடுகின்றன? மகனுக்குக் கால்பந்துத் திடல். பருவமெய்திய மகளுக்குக் கணக்கு வகுப்பு. வெயிலில் கறுத்துவிடுவாள் என்று வருந்துவோரும் உளர். பல திங்கள் பனியில் அடைந்து கிடந்தோர் வெயிலுக்கு அஞ்சுவது விந்தையே!

தலைவி தோழியரோடு ஓரையாடியதையும் புனலாடியதையும் வகுப்பில் பெருமிதத்தோடு விளக்குகிறோம். வளர்ந்த மகளைத் தாய் மனைக்குள் நிறுத்துவதை அகப்பொருள் மரபு இற்செறிப்பு என்னும். அதனைத் தொடர்ந்து உடன்போக்கும் நிகழக்கூடும் என்பதை அன்னையர் மறத்தலாகாது.

என் மகளுக்கு அகவை பதினான்கு. அவள் பந்தாடும் மாலைகளில், திடலோரம் மடக்கு நாற்காலியில் அமர்ந்து விடைத்தாள் திருத்துகிறேன். வீட்டில் ஒரு சொல்லில் விடையிறுப்பவள், திரும்பும் வழியில் காரில் ஓயாது பேசுகிறாள்; அதுவும் தமிழில்.