பெண்ணின் குறையன்று, ஆலைக்கழிவின் கேள்வி

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



பிள்ளைப்பேறு தள்ளிப்போனால் பழி பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ஜாதகத்தில் குறை தேடுகிறார்கள்; கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்கிறார்கள்; கடன் வாங்கியேனும் தனியார் கருத்தரிப்பு மையத்தில் இலட்சங்களைக் கட்டுகிறார்கள். அவள் உண்ட மீனில், சுவாசித்த காற்றில், வேலைசெய்த இடத்தில் என்ன கலந்திருந்தது என்று கேட்பார் இல்லை. அந்தக் கேள்வியை எழுப்புவது உழைக்கும் மக்களின் இயக்கத்திற்குரிய கடமை.

ஹார்மோன்கள் உடலில் மிக நுண்ணிய அளவில் இயங்குபவை. சூலகத்தில் முட்டை முதிர்வதும், மாதவிலக்கு ஒழுங்காக வருவதும், கருப்பையில் கரு ஊன்றுவதும் அவற்றின் கட்டளைப்படியே நடக்கின்றன. சில செயற்கை வேதிப்பொருள்கள் ஹார்மோனைப்போல் நடித்து உடலை ஏமாற்றுகின்றன. வேறு சில, ஹார்மோன் வேலைசெய்ய வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. டிடிடி, எண்டோசல்ஃபான் ஆகிய பூச்சிக்கொல்லிகளும், பிளாஸ்டிக் குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சினும், பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் பிஸ்பீனால் ஏ, தாலேட்டுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 2013இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 800 வேதிப்பொருள்களை இந்த ஐயப்பட்டியலில் வைத்தது.

பெண் குழந்தை தன் வாழ்நாளுக்குரிய முட்டைகளைத் தாயின் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறது. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம் இருக்கும். பிறகு அது குறைந்துகொண்டே போகும். ஆகவே கருவுற்றிருக்கும் ஒரு பெண் நஞ்சுக்கு ஆளானால், அவளும், வயிற்றிலுள்ள மகளும், அம்மகளுக்குப் பிறக்கவிருக்கும் பேரக்குழந்தையுமாக மூன்று தலைமுறைகள் ஒருசேர ஆளாகின்றன. இது வெறும் ஊகமன்று. கருச்சிதைவைத் தடுக்கும் என்று அமெரிக்காவில் 1940கள் முதல் கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோன், அவர்களுடைய மகள்களுக்கு அரிய புற்றுநோயைக் கொணர்ந்தது 1971இல் வெளிப்பட்டது. கருப்பைக் கோளாறும் குழந்தையின்மையும் அம்மகள்களிடம் பின்னர் கண்டறியப்பட்டன. 1976இல் இத்தாலியின் செவேசோ நகரில் ஆலை விபத்தால் டையாக்சின் பரவியது. இரத்தத்தில் அந்நஞ்சு மிகுந்திருந்த பெண்களுக்குக் கருத்தரிக்க அதிகக் காலம் பிடித்ததை ஆய்வுகள் காட்டின.

கொச்சிக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பெரியாற்றங்கரையில் ஏலூர்-எடயார் தொழிற்பகுதியில் 200க்கும் மேற்பட்ட ஆலைகள் எழுந்தன. டிடிடியும் எண்டோசல்ஃபானும் அங்கேதான் உற்பத்தியாயின. 1999இல் கிரீன்பீஸ் அமைப்பு குழிக்கண்டம் தோட்டில் எடுத்த மாதிரிகளில் டிடிடி உள்ளிட்ட நஞ்சுகள் இருந்தன. அந்த நீர் இறுதியில் கொச்சிக் காயலை அடைகிறது. காயல் மீன் மட்டாஞ்சேரியின் அடுப்புக்கு வருகிறது. 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு தீப்பற்றி, நகரம் பல நாள் பிளாஸ்டிக் புகையைச் சுவாசித்தது. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தபோது எல்லோரும் பார்த்தார்கள். ஹார்மோன் குலைவோ கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது.

குழந்தையின்மை ஒவ்வொன்றுக்கும் மாசுதான் காரணம் என்று சொல்ல முடியாது. வயது, நோய், ஆணின் உடற்குறை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திருப்பது என்றால், பெண்ணின் உடலையே சோதனைக்கூடம் ஆக்குவது என்று பொருள்.

காசர்கோடு அதற்குச் சாட்சி. முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. வாலிப சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 இலட்சம் ரூபாயை 3 மாதத்தில் வழங்குமாறு 2017 ஜனவரி 10 அன்று ஆணையிட்டது. ஆயினும் 2022 மே மாதத்திலும் பெரும்பாலோருக்குப் பணம் சேரவில்லை என்று அதே நீதிமன்றம் மாநில அரசைக் கடிந்தது. தீர்ப்பு வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது என்பது இதில் அடங்கிய பாடம்.

இன்னொரு பாடமும் உண்டு. தோட்டம் பொதுத்துறையுடையது, நஞ்சைத் தயாரித்த ஏலூர் ஆலையும் பொதுத்துறையே. உடைமை அரசிடம் இருப்பது மட்டும் போதாது. தொழிலாளரின் கண்காணிப்பும் வேண்டும். ஆலையை மூடினால் பிழைப்பு போகும் என்னும் அச்சம் நியாயமானது. அதனால்தான் கூலியா, கருப்பையா என்று தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அமைப்பையே எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆலைக்கழிவில் உள்ள வேதிப்பொருள்களின் பட்டியல் மக்கள்மொழியில் வெளியிடப்பட வேண்டும். கருவுற்ற தொழிலாளிக்கு ஊதியம் குறையாமல் நஞ்சற்ற பணி தரப்பட வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் கருத்தரிப்புப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாற்றுத் தொழில்நுட்பத்தின் செலவை ஆலை ஏற்க வேண்டும். தொழிலாளியின் வேலை பறிபோகக் கூடாது.

தோழர்களே, இக்கோரிக்கைகளைக் கிளைக்கூட்டங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கொண்டுசெல்லுங்கள். வீட்டுக்குள் கண்ணீராக ஒடுங்கிக் கிடக்கும் துயரம் பொதுக்கோரிக்கையாக மாறும்போதுதான் ஆலை வாயிலும் ஆட்சி வாயிலும் திறக்கும்.