மாலையும் விலையும்



ரோமானியரின் அக்வீலியச் சட்டம் அடிமையையும் கால்நடையையும் ஒரே பிரிவில் வைத்தது. எதைக் கொன்றாலும் அந்த ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையை உடையவனுக்குக் கட்டணும். கி.பி. 3ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதினார்: பொதுப் போட்டியில் மல்லனை மல்லன் கொன்றால் இந்தச் சட்டம் பாயாது, அது புகழுக்காக, வீரத்துக்காக நடந்தது. செத்தவன் அடிமைன்னா பாயும். ஏன்னா, போட்டியில் இறங்குவது சுதந்திரராய்ப் பிறந்தவர் வழக்கம்.

பிறப்புள்ளவனுக்கு மாலை. அடிமைக்கு விலை.

விருதுநகர்க்காரன் எனக்கு விலை தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30க்கு மேற்பட்டோர் கருகினார்கள். நிவாரணத் தொகை அறிவிச்சாங்க.

மாலைக்கு வருவோம். 2014இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அதை ஏற்றார்கள். காளைக்கு வலிக்குமா, இது பண்பாடா என்று வாதம் நடந்தது. சேரிப் பையன் வாடிவாசலில் இறங்கலாமா, முதல் மரியாதை யாருக்கு என்பது வழக்கின் கேள்வியாகவே வரல.

நாம கேட்போம். விதியில் ஒரு வரி சேர்க்கட்டும்: சாதி பார்த்து ஆளை ஒதுக்குகிறவனுக்கு, மரியாதை பிரிக்கிறவனுக்கு ஜல்லிக்கட்டு நடத்த அனுமதி கிடையாது.