ஜாஸ் பியானோவும் கேள்விஞானமும்: கருத்தரங்கத் தலைமை உரை



நவீன ஜாஸ் பியானோவைக் கற்பதும் கற்பிப்பதும் குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களை எல்லாம் படித்தேன். ஒவ்வொன்றிலும் உழைப்பு தெரிகிறது. பெரும்பாலானவை எந்தக் கலைஞர் எந்தக் கார்டை எங்கே வைக்கிறார், எந்த ஸ்கேலைக் கையாள்கிறார் என்று ஆராய்பவை. லயத்தைப் பற்றியும் விரலின் தொடுகையைப் பற்றியும் எழுதியவர்கள் மிகச் சிலரே. இன்றைய பியானோ கலைஞர்களிடம் நாம் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் இருக்கிறது, அது காது வழியாக மட்டுமே கைக்கு வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கார்டுகளை நான் குறைத்துப் பேசவில்லை. மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு ஆல்பமான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் 'ஸோ வாட்' என்ற முதல் உருப்படியைக் கேளுங்கள். பேஸ் ஒரு வரியைச் சொல்ல, பில் எவான்ஸ் இரண்டே கார்டுகளில் பதில் சொல்கிறார். முதல் கார்டு ஈ, ஏ, டி, ஜி, பி. கீழிருந்து மேலாக மூன்று நான்காம் இடைவெளிகள், உச்சியில் ஒரு மூன்றாம் இடைவெளி. அதே வடிவம் ஒரு முழுச்சுரம் இறங்கி டி, ஜி, சி, எஃப், ஏ என்று அமர்கிறது. பாடப் புத்தகங்கள் இதற்கு அந்தப் பாட்டின் பெயரையே சூட்டிவிட்டன. நல்ல மாணவர் ஒருவர் ஒரே வகுப்பில் இதை விரலில் ஏற்றிக்கொள்வார். ஆனால் முதல் கார்டு சற்றே நீள்வதையும், இரண்டாவது சட்டென நின்றுவிடுவதையும், இரண்டுக்கும் நடுவே கை எடை மாறுவதையும் புத்தகம் சொல்வதில்லை. அந்த ஐந்து சுரங்களும் எவான்ஸ் கையில் ஒரே பலத்தில் ஒலிப்பதுமில்லை. சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் மாணவருக்குக் கிடைப்பது வெறும் சட்டகம்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பிராட் மெல்டாவின் 'ஆர்ட் ஆஃப் த ட்ரையோ' வரிசையில் நான்காவது ஆல்பம் 1999-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் அரங்கில் பதிவானது. அதில் ஜெரோம் கெர்னின் 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' நான்கடித் தாளத்தை விட்டு ஏழடியில் நடக்கிறது. மாணவர்களுக்கு நான் தரும் முதல் வேலை ஏழை எண்ணுவதன்று. வலக்கையை மறந்துவிட்டு இடக்கையை மட்டும் பின்தொடரச் சொல்வேன். சாதாரணமாக ஜாஸ் பியானோவில் இடக்கை இடையிடையே கார்டுகளைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மெல்டாவின் இடக்கையோ நடு ஸ்தாயியில் தனக்கென ஒரு வரியைப் பாடிக்கொண்டே போகும். சில இடங்களில் மெட்டையே தான் வாங்கிக்கொள்ளும். இரண்டு கைகளும் தனித்தனிப் பாடகர்கள். அதைக் காது பிரித்துக் கேட்கப் பழகாதவரை விரல்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் அந்தச் சுதந்திரம் வராது.

இந்தப் பழக்கம் மெல்டாவுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுவதும் நம் ஆய்வின் பகுதிதான். நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் ஃப்ரெட் ஹெர்ஷ். பல குரல்களாகப் பிரிந்து நடக்கும் பியானோ வாசிப்பை ஹெர்ஷின் தனிக் கச்சேரிப் பதிவுகளில் நேரடியாகவே கேட்கலாம். ஹெர்ஷ் பாடம் கேட்டது சோஃபியா ரோசாஃபிடம். விரல் நுனியிலிருந்து தொடங்காமல் மேல்கையிலிருந்தும் உடலின் அடிப்படை லயத்திலிருந்தும் வாசிப்பைக் கட்டும் அபி வைட்சைடின் வழியை ரோசாஃப் பல்லாண்டுகள் கற்பித்தார். ஆக, நாம் வியக்கும் ஒரு கலைஞரின் பின்னால் ஒரு பரம்பரையே நிற்கிறது. ஜேசன் மொரானைப் படிக்கிறவர் அவருடைய ஆசிரியர் ஜாக்கி பையர்டிடமும், அங்கிருந்து ஜேம்ஸ் பி. ஜான்சனின் ஸ்ட்ரைடு வாசிப்பிடமும் போய்த்தான் ஆக வேண்டும். மொரான் 2002-இல் வெளியிட்ட தன் தனி பியானோ ஆல்பத்துக்கு 'மாடர்னிஸ்டிக்' என்று ஜான்சனின் உருப்படியை ஒட்டியே பெயர் வைத்தார்.

விஜய் ஐயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு 1971-இல் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் வயலினை முறையாகக் கற்றார். பியானோவைப் பெரும்பாலும் காதால் தானே கற்றுக்கொண்டார். யேலில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு, 1998-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். லயத்தை உடலின் அசைவோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும், அடியிலிருந்து நூலிழை விலகும் சுரங்கள் பிழைகளல்ல, பொருள் உள்ளவை என்று அந்த ஆய்வு வாதிடுகிறது. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். அவருடைய 'ஆக்செலராண்டோ' ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு அந்த ஆய்வேட்டின் வாதம் விரல்களில் புரியும். கிடார் கலைஞர் பிரசன்னாவுடனும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவுடனும் அவர் 2011-இல் வெளியிட்ட 'தீர்த்தா'வும் இந்தக் கோணத்தில் கேட்கத் தக்கது. சொற்கட்டைத் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பழகிய நம் மாணவர்களுக்கு அதில் நுழைவது எளிது.

வாயால் சொல்வது ஜாஸிலும் பழைய முறையே. லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களைப் பியானோவில் உட்காரவைக்கும் முன்பே, லெஸ்டர் யங் போன்றோரின் சோலோக்களை இசைத்தட்டோடு சேர்ந்து முழுவதும் பாடச் சொல்வார். என் வகுப்பிலும் இதுவே நடைமுறை. இரண்டு ஆவர்த்தனம் மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலில் கேட்பது, பிறகு பாடுவது, பாட்டோடு சேர்ந்து காலால் அடி போடுவது. வரி வாயில் நின்ற பின்னரே விசைகளைத் தொடுவது. காகிதத்தில் எழுதுவது கடைசி. வேகத்தைக் குறைத்துக் கேட்கும் மென்பொருள்கள் இன்று எல்லோர் கைபேசியிலும் உண்டு. சுரங்களைக் கண்டுபிடிக்க அவை பெரிய உதவி. ஆனால் பாதி வேகத்தில் ஸ்விங்கைக் கற்க முடியாது. வேகம் மாறும்போது நீளமும் குறுக்கமுமான சுரங்களின் விகிதமே மாறிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வரியையும் அதன் உண்மையான வேகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து பாடிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் செய்து 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று, அடியிலிருந்து நூலிழை விலகுவதற்கும் பொருள் உண்டு என்ற கருத்துக்கு வலுவூட்டுகிறது. பியானோ பதிவுகளில் காலக்கணக்கை மட்டும் கணினியில் மாற்றி இசைக் கலைஞர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அடியில் விழ வேண்டிய சுரங்கள் இம்மியளவு தாமதித்து, அரை அடியில் விழுபவை சரியான நேரத்தில் வந்த வடிவங்களில்தான் ஸ்விங் அதிகம் இருப்பதாகக் கேட்டவர்கள் சொன்னார்கள். இதே தாமதத்தை வைமர் ஜாஸ் தரவுத்தளத்தின் 456 சோலோக்களிலும் தேடிப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் அது கிடைத்தது. அந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை பெரும்பாலும் சாக்சபோன், டிரம்பெட் போன்ற ஒற்றை வரிக் கருவிகள். பத்து விரல்களும் ஒன்றாகப் பேசும் பியானோவுக்கு அப்படியொரு விரிவான பதிவேடு தேவை. இடக்கை எவ்வளவு தாமதிக்கிறது, வலக்கை எவ்வளவு, இரண்டும் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பது இங்குள்ள இளம் ஆய்வாளர்களுக்கு வாழ்நாள் முழுவதும் போதுமான கேள்வி.

இன்னொன்று, வாசிக்காமல் விடுவதைப் பற்றி. மைல்ஸ் டேவிஸின் 'மைல்ஸ் ஸ்மைல்ஸ்' ஆல்பத்தின் சில உருப்படிகளில் ஹெர்பி ஹான்காக் இடக்கையைத் தொடவே விடாமல் வைத்திருக்கிறார். மற்றவர்களின் சோலோக்களின்போது பியானோ அறவே நின்றுவிடுகிறது. நவீன உத்திகளைப் பட்டியலிடும் எந்தக் கட்டுரையிலும் இது இடம்பெற வேண்டும். வந்திருக்கும் சுருக்கங்களில் நான் இதைக் காணவில்லை.

கட்டுரை வழங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் பியானோ இருக்கிறது, நல்ல ஒலிபெருக்கியும் இருக்கிறது. நீங்கள் ஆராய்ந்த பகுதியை முதலில் ஒலிக்கவிடுங்கள். முடிந்தவர்கள் பாடியும் வாசித்தும் காட்டுங்கள். நோட்டேஷன் தாள்களை அதன் பிறகு கொடுங்கள். ஒவ்வொரு அமர்விலும் கேள்வி நேரத்தைப் பத்து நிமிடம் நீட்டித்துத் தரும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரியை இரண்டாம் முறை கேட்க வேண்டும் என்று யார் சொன்னாலும் தயங்காமல் மீண்டும் போடுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் அமர்வின் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.