விழுந்தவரும் நின்றவரும்



மதுரையில் நின்று நீதியைப் பற்றிப் பேசுவோர் பாண்டியன் நெடுஞ்செழியனை நினையாதிருத்தல் அரிது. ஆராயாமல் அவன் சொன்ன ஒரு சொல் கோவலன் உயிரைக் கொண்டது. கூடைப்பந்து நடுவராகிய எனக்கு அம்மன்னன் நினைவு அடிக்கடி வருவதுண்டு. காரணத்தைக் கூறுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வைகைக் கரைச் சிற்றூர் ஒன்றில் இறுதியாட்டம். முடிவதற்குச் சில நொடிகளே இருந்தன. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் இளைஞர் கூடையை நோக்கித் தாவினார். எதிரணி வீரர்மீது மோதி விழுந்தார். பந்து கூடையில் விழவில்லை. கூட்டம் “ஃபவுல்!” என்று ஆர்ப்பரித்தது. நானும் விசிலை ஊதினேன். தடுத்தவருக்கு அது ஐந்தாவது பிழை. ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினார். விழுந்தவர் இரண்டு தனி எறிகளையும் கூடையில் இட்டார். அவர் அணி வென்றது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நடந்ததை மனக்கண்முன் மீண்டும் கண்டேன். தடுத்தவர் முன்னதாகவே வந்து இரு கால்களையும் ஊன்றி நின்றார். கைகள் தலைக்கு மேல் நேராக உயர்ந்திருந்தன. அவர் அசையவில்லை, தாவியவரே அவர்மீது பாய்ந்தார். அப்படியாயின் பிழை யாருடையது? தீர்ப்புச் சொன்ன என்னுடையதே.

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இவ்விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறுதல், அடித்தல் ஆகியவற்றை அன்றே விலக்கினார். ஆயினும், பத்துப் பேர் ஓடியாடும் களத்தில் உடலோடு உடல் படாமல் இருக்குமா? பட்டதெல்லாம் பிழையன்று. யார் யாருடைய இடத்தைக் கவர்ந்தார் என்பதே கேள்வி.

ஒவ்வொரு வீரரைச் சுற்றியும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் உருளை இருப்பதாக விதி கொள்கிறது. முறைப்படி இடம் பிடித்தவர் அதற்குள் நேர் மேலே எழும்பலாம், கைகளையும் உயர்த்தலாம். கையை முன்னே சாய்த்து, எறிபவரின் முன்கையில் அடித்தால் பிழை. பந்தைத் தட்டும்போது, பந்தின்மேல் உள்ள விரல்களில் சிறிதே படுவது பிழையன்று. எறிபவர் எழும்பிய பின்னர், அவர் இறங்கும் இடத்தில் காலை நுழைப்பதோ பெரும்பிழை. அவர் கணுக்காலுக்கே அது கேடாகும்.

பிழை என்று தீர்ந்தால், பந்து கூடையில் விழுந்திருப்பின் அப்புள்ளிகளோடு ஒரு தனி எறி, விழாவிடில் இரண்டு, மூன்று புள்ளிக் கோட்டுக்கு அப்பாலிருந்து எறிந்திருப்பின் மூன்று.

மறுநாள் அந்த இளைஞரைத் தேடிச் சென்று என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. அவர் புன்னகைத்து, “அடுத்த ஆட்டத்தில் என் கால்களைப் பாருங்கள், ஐயா” என்றார். அன்றுமுதல் விழுகின்றவரைப் பார்க்குமுன் நிற்கின்றவரைப் பார்க்கிறேன். நாளை உங்கள் கைக்கும் விசில் வரலாம். நீங்களும் அவ்வாறே பாருங்கள்.