பழமைக்குக் கொடுத்த தவணை



2038ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19ஆம் நாள், இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. அந்த வினாடி கடந்ததும், திருத்தப்படாத கணிப்பொறிகள் சில, தாம் 1901ஆம் ஆண்டு டிசம்பரில் இருப்பதாகக் கருதத் தொடங்கும். இந்த விந்தைக்குப் பின்னே, பழமையைப் பேணுவதா, புதுமையை நாடுவதா என்னும் வினா நிற்கின்றது.

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்கள், 1970 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கழிந்த வினாடிகளை எண்ணியே காலத்தை அறிகின்றன. அவ்வெண்ணுக்கு முற்காலத்தில் 32 பிட் இடமே ஒதுக்கினர். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,14,74,83,647. இடத்தை 64 பிட்டாக விரித்தால் குறை தீரும். ஆனால், பழைய அளவையே எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்கள் புதிய அளவைக் கண்டு தடுமாறும்.

இச்சிக்கலை இரு குழுவினர் இரு விதமாக அணுகினர். இருவருடைய இயங்குதளங்களும், மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை அளிப்பவையே. ஓப்பன்பிஎஸ்டி குழுவினர், 2014ஆம் ஆண்டு வெளியிட்ட 5.5ஆம் பதிப்பில், எல்லா வகைக் கணிப்பொறிகளுக்கும் ஒரே வீச்சில் 64 பிட் காலத்தைப் புகுத்தினர். மூல நிரல் கையில் இருக்கிறது. மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் துணிவு.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வேறு வழி சென்றது. நேற்று ஓடிய நிரல், இன்றைய கருநிரலின் மாற்றத்தால் நின்றுவிடலாகாது என்பது அதன் விதி. ஆகவே பழைய வாயிலை அடைக்காமல், பக்கத்தில் புதிய வாயிலைத் திறந்தனர். பல்லாண்டு உழைப்புக்குப் பின், 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பில் அப்பணி பெரும்பாலும் நிறைவுற்றது. எனினும் லினக்ஸும் எல்லாவற்றையும் என்றென்றும் சுமப்பதில்லை. தான் பிறந்த 386 என்னும் சில்லுக்கான ஆதரவையே 2013ஆம் ஆண்டின் 3.8ஆம் பதிப்பில் அது கைவிட்டது.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட டெபியன் குழுவினர், 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில், 32 பிட் கணிப்பொறிகளுக்கும் விரிந்த காலத்தை அளித்தனர். ஆனால் ஐ386 என்னும் பிரிவை மட்டும் பழையபடியே விட்டனர். மூல நிரல் கிடைக்காத பழைய நிரல்களை ஓட்டுவதற்கே அப்பிரிவு இன்று பயன்படுகிறது. அதனை மாற்றினால் அந்நிரல்கள் ஓடா. மாற்றாமையால் அவை ஓடுகின்றன. 2038 என்னும் எல்லையும் அவற்றோடு நிற்கின்றது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? மூல நிரல் உடையவன் மாற்றத்தைத் தாங்குவான். அது இல்லாதவன், தன் தவறின்றியே தவிப்பான். அவனை எண்ணிப் பழமையைக் காப்பது நேர்மையே. ஆயின் அவ்வாறு காப்பது கடனுக்குக் கொடுத்த தவணை. கடனின் தள்ளுபடி அன்று. தவணை தருவோர் அதன் இறுதி நாளையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெறுவோர் அதற்குள் மாற்று வழி தேடிக்கொள்ள வேண்டும். இன்று சுவரில் பதிக்கப்படும் சிறு கருவிகளுள் பல, 2038லும் உழைத்துக்கொண்டிருக்கக்கூடும். அவற்றை வாங்குவோர் இந்தக் கேள்வியை இன்றே கேட்பது நலம்.