ஸீரோவில் தொடங்காத ஸ்கேல்

(நமது சங்கத்தின் நாகபுரி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிளைச் செயலாளர் என்னிடம், "கல்வியைப் பற்றி ஏதாவது பேசுங்கோ, அரை மணிக்குள்ள முடிச்சுடுங்கோ, அப்புறம் டிபன்" என்று சொல்லியிருக்கிறார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு உத்தரவுக்குக் கீழ்ப்படிவது பழக்கம். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் கையில் இருப்பது சாதாரண 15 சென்டிமீட்டர் ஸ்கேல். இதன் மேல் ஒரு துண்டுப் பென்சிலை வைக்கிறேன். பென்சிலின் ஒரு முனை 2 என்ற கோட்டில் இருக்கிறது, மறுமுனை 7-ல் இருக்கிறது. பென்சில் எவ்வளவு நீளம்? முன்வரிசைக் குழந்தை 5 என்று சொல்லிவிட்டாள், சபாஷ். இதே கேள்வியை நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. முதலாண்டு மாணவர்களிடம் கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் 7 என்றார்கள்.

இது நாகபுரியின் தனிச் சொத்து என்று நினைக்க வேண்டாம். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 'ஏசர்' என்ற பெயரில் கிராமப்புறக் கல்வியைப் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. 2023-ம் ஆண்டில் அவர்கள் 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரையுள்ள சுமார் 34,700 இளைஞர்களைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். பொருளை ஸீரோவில் வைத்தால் 100-க்கு 85 பேர் சரியாக அளக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டால் 39 பேர்தான். மூன்று இலக்க எண்ணை ஒரு இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43 சதவீதம். தங்கள் மாநில மொழியிலேயே இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க முடியாதவர்கள் நாலில் ஒருவர். இவர்கள் எல்லோரும் கல்லூரிக்கு வந்துவிட மாட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் இவர்களில் 86 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்தவர்கள். 2021-22 கணக்குப்படி நம் தேசத்தில் உயர்கல்வியில் இருப்பவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். நம் வகுப்புகளுக்குள் வந்து உட்காருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியும், கல்லூரி லாபரட்டரியில் முதலில் கையில் கொடுப்பது வெர்னியர் காலிப்பர்ஸ். அதில் முதல் பாடம் 'ஸீரோ எர்ரர்'. கருவி ஸீரோவில் தொடங்கவில்லையானால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். பென்சில் 7 என்று சொன்ன பையனுக்கு ஸீரோ எர்ரர் எப்படிப் புரியும்? அவன் என்ன செய்வான் என்றால், போன வருஷத்து ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவான், கையெழுத்தும் வாங்கிவிடுவான். ஒரு மாணவன் இரும்பு உருளையின் அடர்த்தி 0.78 என்று எழுதிக் கொண்டு வந்தான். "அப்படியானால் இது தண்ணீரில் மிதக்குமே அப்பா" என்றேன். மொபைலில் திரும்பத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதுதான் சார் வருகிறது" என்றான். நாங்கள் படித்த காலத்தில் கிளார்க்ஸ் டேபிளை வைத்துக்கொண்டு லாகரிதம் பார்ப்போம். புள்ளியை எங்கே வைப்பது என்று நாமேதான் யோசிக்க வேண்டும், அதனால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்ற உத்தேசம் மனசில் இருக்கும். அந்த உத்தேசம்தான் இப்போது காணவில்லை.

நான் ரிடையர் ஆன பிறகு, 2018-ல், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சனிக்கிழமைகளில் வந்து சொல்லிக் கொடுக்கும்படி கேட்டார்கள். சம்பளம் கிடையாது, டீ உண்டு. பெருமையோடு போனேன். இரண்டாவது சனிக்கிழமை என்று ஞாபகம். ஒரு பையனை எழுப்பி 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். யோசித்து, 2/5 என்றான். மேலே இருப்பதைக் கூட்டினான், கீழே இருப்பதைக் கூட்டினான். நான் சிரித்துவிட்டேன். "பாதி பாக்ரியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதிக்கும் குறைவாக ஆகிவிடுமா?" என்று வேறு கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விசாரித்ததில், கல்லூரிக்கே வருவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். அவன் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், எனக்குச் சமாதானம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் கேள்வி கேட்டவனும் சிரித்தவனும் நான்தானே.

அன்று ராத்திரி எனக்கு என்னுடைய பி.யு.சி. வருஷம் ஞாபகம் வந்தது. 1967-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். பதினொரு வகுப்பும் தமிழ் மீடியம்தான். பி.யு.சி.யில் முதல் நாள் லெக்சரர் வந்து இங்கிலீஷில் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எனக்குப் புரிந்தது அட்டெண்டன்ஸ் மட்டும்தான். பயத்தில் ஊருக்குத் திரும்பி விடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளையாக பௌதிக லெக்சரர் ஒருவர் இருந்தார். எந்தச் சொல்லையும் இரண்டு தடவை சொல்வார். "டென்ஸிட்டி என்றால் நீங்கள் படித்த அடர்த்திதான், ரிஃப்ராக்‌ஷன் என்றால் ஒளிவிலகல்தான், புதுசாக ஒன்றும் இல்லை, பேர்தான் புதுசு" என்பார். ஆறு மாதத்தில் நிமிர்ந்துவிட்டோம். இப்போது யோசித்தால், அந்த பி.யு.சி. என்ற ஒரு வருஷமே ஒரு பாலம்தான். பள்ளிக்கூடமும் இல்லை, முழுக் கல்லூரியும் இல்லை. கோத்தாரி கமிஷன் சிபாரிசுப்படி 10+2+3 வந்து, தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கல்லூரிக்குள்ளேயே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இருந்த அந்த ஒரு வருஷம் போய்விட்டது.

நம்மவர்கள் சிலர் இந்த விஷயம் வந்தாலே ஒரே காரணம் சொல்வார்கள், இட ஒதுக்கீடு என்று. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான், மறைக்கவில்லை. அவர்களுக்கு என் சொந்தப் பேரனின் கதையைச் சொல்கிறேன். அவனிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

என் பெண் வயிற்றுப் பேரன், நல்ல பள்ளிக்கூடம், நிறையப் பணம். பதினொன்றாம் வகுப்பு முழுக்க கொரோனாவால் வீட்டில் லாப்டாப் முன்னால் கழிந்தது. பன்னிரண்டில் சி.பி.எஸ்.ஈ. பரீட்சையை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதி சரியான விடையைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாள். பள்ளிக்கூடத்தில் பேர் மட்டும் இருக்கும், காலை முதல் இரவு வரை கோச்சிங்கில் இருப்பான். இங்கே மகாராஷ்டிரத்தில் ஜூனியர் காலேஜில் இதே ஏற்பாடு கொடிகட்டிப் பறப்பது உங்களுக்குத் தெரியும். 96 சதவீதம் வாங்கினான். ஸ்வீட் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தோம். 2022-ல் இன்ஜினீயரிங் சேர்ந்தான். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போய்விட்டது. அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான்.

"தாத்தா, லெக்சரர் சொல்றதைக் கேட்டுண்டே எழுத முடியலை. எழுதினா கேக்க முடியலை, கேட்டா எழுத முடியலை. புஸ்தகத்தைப் படிச்சா எது முக்கியம்னே தெரியலை. எல்லாமே முக்கியம் மாதிரி இருக்கு. இது வரைக்கும் எனக்கு யாரோ அதைப் பொறுக்கிக் குடுத்துடுவா."

வெகு நேரம் அழுதான். நாகபுரிப் பையனுக்குப் பின்னம் தெரியவில்லை, என் பேரனுக்கு ஒரு அத்தியாயத்தைத் தானாகப் படிக்கத் தெரியவில்லை. 96 சதவீதம் என்பது அவனுக்கும் ஸீரோவில் வைத்துக் காட்டிய ஸ்கேல்தான்.

காரணங்களை அடுக்கினால் டிபன் ஆறிவிடும். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு, தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்தி வைக்கலாம் என்று விதி செய்தது. ஃபெயில் ஆக்குவதால் மட்டும் ஒன்றும் வந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். புரியாத பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் நடத்தினால் இன்னொரு தடவை புரியாது, அவ்வளவுதான். 2021-ல் 'நிபுண் பாரத்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள், மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் படிக்கவும் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்று. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைகள் கல்லூரிக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. இன்று வந்து உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது?

அந்தப் பையன் போன பிறகு நான் வகுப்பை மாற்றிக்கொண்டேன். இடையில் கொரோனா வந்து இரண்டு வருஷம் நின்றது, மறுபடி தொடங்கி நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்பதில்லை. பேர் எழுதாமல் ஒரு தாளில் பத்துக் கணக்குப் போட்டுத் தரச் சொல்கிறேன். எந்த இடத்தில் ஸ்கேல் நகர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, யார் என்று தெரிய வேண்டியதில்லை.

பின்னத்துக்கு எனக்கு வழிகாட்டியது ஒரு மாணவியின் பாட்டி. சந்தையில் கறிகாய் விற்பவர். "என் ஆஜி பள்ளிக்கூடமே போனதில்லை சார், ஆனால் ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ விலையெல்லாம் கால்குலேட்டருக்கு முன்னால் சொல்லிவிடுவாள்" என்றாள் அந்தப் பெண். எப்படி என்று கேட்டால், மராத்தியில் பழைய வாய்ப்பாடு இருக்கிறது. கால் வாய்ப்பாட்டுக்குப் பாவ்கி, அரைக்கு நிம்கி, முக்காலுக்குப் பாவுண்கி, ஒன்றேகாலுக்கு சவாய்கி, ஒன்றரைக்கு தீட்கி. நம் பாட்டிமார்கள் அரைக்கால், மாகாணி என்று சொன்னார்களே, அதற்குச் சகோதரம். இந்த ஊரில் நாற்பது வருஷம் இருந்தும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அந்தப் பெண்ணையே கரும்பலகைக்கு வரச் சொல்லி சவாய்கியை எழுதச் சொன்னேன். அன்று பின்னம் கூட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இன்னொன்று வாசிப்பு. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் கொடுப்பேன். பத்து நிமிஷம் படிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், சொந்த வார்த்தையில் நாலு வாக்கியம் எழுத வேண்டும். மராத்தியோ, ஹிந்தியோ, இங்கிலீஷோ அவரவர் இஷ்டம். பள்ளியில் பலர் 'செமி இங்கிலீஷ்', அதாவது கணக்கும் சயன்ஸும் மட்டும் இங்கிலீஷில். அதனால் விஷயம் ஒரு மொழியிலும் வார்த்தை இன்னொரு மொழியிலும் கிடக்கிறது. முதல் மாதம் வெறுமே காப்பி அடித்த வாக்கியங்கள்தான் வந்தன. மூன்றாவது மாதம் ஒருவன், "இந்தப் பக்கத்தில் ஆசிரியர் சொல்வது ஒன்றுதான், மற்றதெல்லாம் உதாரணம்" என்று எழுதியிருந்தான். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இதையே என் பேரனுடன் தினம் ராத்திரி போனில் செய்தேன். அவனுக்கு எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும், தர்மோடைனமிக்ஸை. நான் மறந்து போனவன், நிஜமாகவே புரியாமல் கேட்பேன், அதனால் அவன் தப்பிக்க முடியாது. ஒரு பேப்பரை அடுத்த தடவையே எழுதிவிட்டான், இன்னொன்று இரண்டு தடவை பிடித்தது.

எல்லோரும் நிமிர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்பது பேர் தொடங்கினால் தீபாவளிக்கு அப்புறம் இருபது பேர்தான் மிஞ்சுகிறார்கள். பஸ், வேலை, வீடு, எத்தனையோ. அந்த முதல் பையனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கல்லூரி ஆபீசில் விலாசம் கேட்டேன், அங்கே இருந்த பழைய வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.

நம் கிளையில் பென்ஷன் வாங்குகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம். ஏ.ஜி. ஆபீஸ், ரயில்வே, பாங்க் என்று ஆயுள் முழுக்க எண்ணும் எழுத்துமாகவே காலம் தள்ளியவர்கள். நோட்டிங், டிராஃப்டிங் என்று நாம் செய்ததெல்லாம் ஐம்பது பக்கக் கோப்பை அரைப் பக்கத்தில் சுருக்குவதுதானே? அதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெளியூர்க் கிளைகளில் இதைப் படிப்பவர்களும் பக்கத்துக் கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இங்கே எனக்கு அவசரமாக வேண்டியது ஒரே ஒரு ஆள், மாமாவோ மாமியோ. இந்த ஊரிலேயே பிறந்து மராத்தி மீடியத்தில் படித்தவராக இருக்க வேண்டும். வகுப்பு சனிக்கிழமை மூன்று மணிக்கு. பிள்ளைகள் மராத்தியில் எழுதுவதை நான் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். பேசும்போதோ, ஆண்பால் பெண்பால் எல்லாம் மாற்றிச் சொல்கிறேன் என்று பின்பெஞ்சுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.