தவணை தப்பிய வரிக் கணக்கும் செலவில்லாத் துணையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வருமான வரிக் கணக்கை உரிய தவணையில் தாக்கல் செய்யாது விட்ட நம்மவர் சிலர், அச்சத்தாலும் நாணத்தாலும் அதனை வெளியிற் சொல்லாதிருக்கின்றனர். அன்னார்க்குச் செலவில்லாத் துணை உண்டென்பதே யான் இன்று கூற வந்த விஷயம்.

நம் புதுவை 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகத்தினின்று நீங்கிற்று. இந்திய வருமான வரிச் சட்டமோ 1963 ஏப்ரல் 1 முதலே இங்கு நடைமுறைக்கு வந்தது. அறுபதாண்டு கடந்தும் அதன் முறை அறியாதார் நம்மிற் பலர்.

சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர் ஜூலை 31க்குள் கணக்குக் கொடுத்தல் வேண்டும். தவறியவர் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை கொடுக்கலாம். தாமதக் கட்டணம் வருமானம் ரூ. 5 லட்சத்திற்கு மேற்படின் ரூ. 5,000, மேற்படாவிடின் ரூ. 1,000. வரிப் பாக்கிக்கு மாதம் 1 சதவீத வட்டியும் உண்டு.

அத்தவணையும் தப்பியவர்க்கென 2022இல் ‘புதுப்பித்த கணக்கு’ என்னும் முறை ஏற்பட்டது. 2025இல் அதன் காலம் நான்காண்டாக நீட்டப்பெற்றது. ஆயினும், வட்டியோடு கூடிய வரி ரூ. 10,000 எனின், முதலாண்டில் அதன்மேற் கூடுதல் வரி ரூ. 2,500, நான்காம் ஆண்டிலோ ரூ. 7,000! அச்சத்திற்கு நாம் இறுக்கும் கப்பம் இதுவன்றோ?

இனி, வங்கி வட்டியில் வரி பிடிக்கப்பெற்ற முதிய தாய் ஒருவரைக் கருதுங்கள். வரி செலுத்த வேண்டாத சிறு வருவாயினராயின், அப்பணம் அவருடையதே. ஆனால், புதுப்பித்த கணக்கால் அதனைத் திரும்பப் பெற இயலாது. தாமதத்தைப் பொறுத்தருளுமாறு துறைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அதற்கும் ஐந்தாண்டு வரம்பு உண்டென 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கை விதித்துள்ளது. ஆதலின் காலதாமதம் கைப்பொருளை இழப்பிக்கும்.

துறையின் இணையதளத்திற் கணக்குத் தாக்கல் செய்தற்குக் கட்டணம் யாதுமில்லை. 1800 103 0025 என்னும் எண்ணிற் செலவின்றி வினவலாம். வருமான வரி அலுவலகத்திற்குச் சென்று ஐயம் கேட்டற்கும் காசு வேண்டா. இவற்றை அறியாதாரையே இடைத்தரகர் நாடுவர். திரும்ப வரும் பணத்திற் பங்கு கேட்பர். பொய்க் கழிவுகளை எழுதுவர். பிழை வெளிப்படுங்கால் பொறுப்பு கணக்குக்குரியவரையே சாரும். எவரிடத்தும் கடவுச்சொல்லை ஒப்புவியாதீர்கள்.

அமெரிக்காவில் ஐம்பதாண்டுகட்கு மேலாகத் தன்னார்வலர் பலர், அரசாங்கத்தின் ஆதரவில் பயிற்சி பெற்று, சிறு வருவாயினர்க்கு இலவசமாகக் கணக்கெழுதித் தருகின்றனர். நம் குலத்துப் பட்டயக் கணக்கரும் வணிகவியற் பட்டதாரிகளும் வாரத்தில் ஒரு மாலை நம் சங்க மண்டபத்தில் அமர்தல் அரிதாகுமோ? அங்ஙனம் அமர்வோர் நம்மவர், அயலார் என்று பாராது உதவுதல் வேண்டும். உதவி நாடுவோர் பான் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றைக் கொணர்ந்தாற் போதும்.

தவணை தப்பியது குற்றவுணர்வால் ஒளிதற்குரிய காரியமன்று, விரைந்து சீர்ப்படுத்தற்குரியதே. இத்தொண்டிற்கு முன்வரும் இளைஞர்கள் தம் பெயரை இன்றே காரியதரிசியிடம் பதிவு செய்வார்களாக!